கோதண்டத்தின் உள்ளங்கை

கிறுக்... கிறுக்... கிறுக்... கிறுக்...

வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கோதண்டம் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக அப்படியே நின்றான். காலை ஏழேகால் மணி. எண்ணூரில் இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க உலைக்கு முன்னால் நின்றுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். கண் வேலை செய்யவில்லை. ஆனால் காது அவன் காது. இருபது வருஷம் மெஷின்களோடு குடித்தனம் நடத்திய காது. மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ சுற்றுகிறது. சின்னச் சக்கரம். நடுவில் ஒரு கம்பி. கம்பியில் சொட்டு எண்ணெய் இல்லை.

“பேரிங் பூட்ச்சி,” என்று கதவைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னான். “இன்னாவா இருந்தாலும் சரி, மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணு. மோட்டார் பொகைஞ்சிடும்.”

“மோட்டாரும் இல்ல, சுவிட்சும் இல்ல. உள்ள வந்து பாரு,” என்றது மனைவி வேம்புவின் குரல்.

டி.வி. பெட்டிக்கு மேல் ஒரு கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு சக்கரம். சக்கரத்துக்குள், கோழிமுட்டைக்குக் காலும் காதும் முளைத்து ரோமமும் போர்த்தியது போல ஒரு பிராணி, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஓடியும் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

“எலி,” என்றான் கோதண்டம்.

“எலி இல்ல நைனா. ஹாம்ஸ்டர்,” என்றாள் மகள் ஷாலு. காலேஜில் முதல் வருஷம். கூடப் படிக்கிற பெண்ணின் குடும்பம் மாத்தூருக்கு வீடு மாறுகிறதாம். புது வீட்டுக்காரர் பிராணி எதுவும் கூடாது என்றுவிட்டாராம். அந்தப் பெண் அழுதுகொண்டே கூண்டோடு இவளிடம் கொடுத்துவிட்டாளாம்.

“எலிக்கு இங்கிலீசுல பேரு வச்சா எலி இல்லன்னு ஆயிடுமா? ஊரே பொறி வச்சி புடிச்சிகினு கீது. என் வூட்ல இன்னாடான்னா ராட்டினம் கட்டி வுட்டுகினு கீறீங்க.”

சொன்னானே தவிர, கால் தானாகக் கூண்டுப் பக்கம் போயிற்று. அது ஓட்டத்தை நிறுத்தியது. பின்னங்காலில் எழுந்து நின்றது. முன்னங்கை இரண்டையும் வயிற்றின் மேல் சேர்த்து வைத்துக்கொண்டு, கோதண்டத்தைத் தலையிலிருந்து சாக்ஸ் வரை மெதுவாகப் பார்த்தது. சுவர் கோணலாக எழும்பியிருப்பதைக் கண்டுவிட்ட கட்டட மேஸ்திரியின் பார்வை. அந்தப் பார்வைக்காகவே அதற்கு மேஸ்திரி என்று பெயர் வந்தது. ஷாலு முந்தின நாளே பிரௌனி என்று ஒரு பெயர் வைத்திருந்தாள். அது யார் காதிலும் ஏறவில்லை.

“வாடா மேஸ்திரி,” என்று கோதண்டம் கூண்டைத் திறந்து, மேலிருந்து கையை இறக்கி, பூரியை எடுப்பது போல அதை எடுக்கப் போனான்.

ஆயிரத்து நானூறு டிகிரியில் இரும்புப் பொறி தெறித்து முழங்கையில் ஓட்டை விழுந்தபோதும் வாய் திறக்காத மனிதன் அவன். அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஹில்டா குக்கரும் கையுமாக ஓடி வந்தாள்.

ஹில்டா கையில் ஏன் இவர்கள் வீட்டுக் குக்கர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வருஷமாகக் கோதண்டம் விரும்பி வாங்கிக்கொண்ட வேலை நைட் ஷிப்டு. அதனால் காலை எட்டிலிருந்து மத்தியானம் மூன்று வரை அந்த வீட்டில் சத்தத்துக்கு இடம் கிடையாது. டி.வி. படம் காட்டும், பேசாது. கீரைக்காரம்மா தெரு முழுக்கக் கூவிவிட்டு அந்த ஒரு வாசலை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு தாண்டுவாள். குக்கர் விசில் அடிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கே மூன்று விசில் அடித்துவிட்டு, துணி சுற்றிக்கொண்டு, ஹில்டாவின் இடுப்பில் உட்கார்ந்து பிறந்த வீட்டுக்கு வந்து போகிற பெண் மாதிரி திரும்பி வரும். கோதண்டம் சீக்கிரம் படுக்கிற நாட்களில் ஏழு மணிக்கே கிளம்பிவிடும்.

ஏன் நைட் ஷிப்டு என்று கேட்டால் கோதண்டம் ஒரே பதில் வைத்திருந்தான். உருகிய இரும்பு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று அவன் கருவி வைத்துப் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்த்துச் சொல்வான். சூரியன் இருக்கும்போது அந்த நிறம் பொய் சொல்லும். ராத்திரியில்தான் இரும்பு உண்மை பேசும். பத்தாவதோடு படிப்பை விட்டு, நூலகத்தில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உலோகப் புத்தகங்களைத் தானே படித்துத் தேறியவன் சொல்கிறான், யார் மறுத்துப் பேசுவது? அப்படியொரு கண் எண்ணூர் வட்டாரத்திலேயே கிடையாது என்பது அவனுடைய கணிப்பு. கொஞ்சம் உண்மையும்கூட.

மேஸ்திரி கடித்து ரத்தம் சொட்டிய ஆள்காட்டி விரலில் வேம்பு மஞ்சள் வைத்துக் கட்டினாள். 

“அது புதுசுண்ணா. உன் மூஞ்சி அதுக்கு தெரியாதுல்ல,” என்று ஹில்டா சமாதானம் சொன்னாள்.

“இந்தத் தெருவுலயே பாதி பேருக்கு இவுரு மூஞ்சி தெரியாது,” என்றாள் வேம்பு. “அது இன்னா பண்ணும் பாவம்.”

கடித்தது வலிக்கவில்லை. இது வலித்தது. கோதண்டம் எழுந்து நின்றான். கட்டுப்போட்ட விரலை உயர்த்தினான்.

“பொங்கலுக்கு இன்னும் ஒரு மாசம் கீது. அதுக்குள்ள இந்த மேஸ்திரி தானா வந்து என் கையில ஏறும். ஏறி, குந்திகினு, கடலை துன்னும். உருக்குன இரும்பே என் பேச்ச கேக்குது. இது எம்மாத்தரம்.”

“ஏறலன்னா?” என்றாள் வேம்பு, மஞ்சள் டப்பாவை மூடியபடி.

“ஏறலன்னா நீ இன்னா சொன்னாலும் செய்றேன். ஹில்டா சாட்சி.”

“நைட் ஷிப்ட வுட்டுட்டு டே ஷிப்டுக்கு வந்துடணும். ராத்திரில வூட்ல இருக்கணும். அவ்ளோதான்.”

கூண்டுக்குள் சக்கரம்கூட நின்றுவிட்டது. கல்யாணமான புதிதில் வேம்பு இதை அழுது கேட்டிருக்கிறாள். அடுத்த வருஷம் சண்டை போட்டுக் கேட்டாள். அதற்கடுத்த வருஷம் அரை நாள் சாப்பிடாமல் இருந்து கேட்டாள். அப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி கேட்டாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். இன்றைக்கு, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

“சரி,” என்றான் கோதண்டம். தோற்கப் போகிறவன்தானே யோசிக்க வேண்டும்?

*

அன்றிலிருந்து மேஸ்திரியின் நம்பிக்கையைச் சம்பாதிக்கும் வேலை தொடங்கியது. கோதண்டம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. தூக்கத்தைத் தியாகம் செய்தான். பகல் பதினோரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூண்டின் முன்னால் போய் உட்கார்ந்தான். அந்த நேரத்தில் மேஸ்திரி அட்டைப்பெட்டி வீட்டுக்குள், மரத்தூளைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும். கோதண்டம் அட்டைப்பெட்டியைத் தூக்குவான். மரத்தூளை விலக்குவான். காதருகில் குனிந்து, “மேஸ்திரி. ஏ மேஸ்திரி. நான்தான்ப்பா,” என்பான். அது ஒரு கண்ணை மட்டும் திறக்கும். அந்தக் கண்ணில் நம்பிக்கை தவிர மற்ற எல்லாம் இருக்கும்.

இரண்டாம் நாள் கட்டை விரல். ஐந்தாம் நாள் நடு விரல். லஞ்சமும் கொடுத்துப் பார்த்தான். வேர்க்கடலை, வெள்ளரிப் பிஞ்சு, சூரியகாந்தி விதை, ஹில்டா வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரி இருந்த துண்டு. மேஸ்திரி எல்லாவற்றையும் வாங்கிக் கன்னத்துப் பைக்குள் திணித்துக்கொண்டது. முகம் இரண்டு மடங்கு ஆனது. பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டது. கொடுப்பதை வாங்கிக்கொண்டு வேலையை மட்டும் செய்யாத ஆட்களைக் கோதண்டம் பார்த்திருக்கிறான். ஆனால் அவர்கள்கூட வாங்கின கையைக் கடிப்பதில்லை.

தொழிற்சாலையில் அவனுக்கு உதவியாக நின்ற தண்டபாணி, ஐந்து விரலில் நாலு பிளாஸ்திரியைப் பார்த்து என்ன என்று கேட்டான். பொறி தெறித்தது என்றான் கோதண்டம். பொறி தெறித்தால் பல் தடம் எப்படி விழும் என்று தண்டபாணி கேட்கவில்லை. நல்ல பையன் என்று பெயர் எடுத்தவன், நாற்பது வயது ஆகிறது.

பதினைந்து நாள் போயிற்று. இத்தனை நாளும் வேம்பு ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. பஞ்சும் மருந்தும் எடுத்துக் கொடுத்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோதண்டம் நூலகத்துக்குப் போனான். கடைசி அலமாரியில் பிராணிகளைப் பற்றிய தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். ஒரு சொல்லில் விரல் நின்றது. அகராதியைப் புரட்டினான். இரவில் விழித்து இயங்குவது, என்று போட்டிருந்தது.

அடுத்த வரியையும் படித்தான். பகலில் இதன் தூக்கத்தைக் கலைத்தால் மனிதர் மேல் உள்ள நம்பிக்கையை அடியோடு இழந்துவிடும்.

புத்தகத்தை மூடினான். பகல் பதினோரு மணிக்குத் தன் தூக்கத்தைக் கெடுத்தவர்களை அவன் என்னவெல்லாம் பேசியிருக்கிறான் என்பது காலடிப்பேட்டைக்கே தெரியும். ஒரு கல்யாண வீட்டு மேளக்காரர் இன்றுவரை வேறு தெரு சுற்றித்தான் போகிறார். நைட் ஷிப்டு பார்ப்பவனின் பகல் தூக்கம் எப்படிப்பட்டது, அதைக் கலைத்தால் உள்ளே என்ன எரியும் என்று இந்த உலகத்தில் ஒருவனுக்குத் தெரியுமென்றால் அது அவனுக்குத்தான். அவன்தான் பதினைந்து நாள் போய் எழுப்பியிருக்கிறான். அதுவும் தன் சொந்த ஷிப்டுக்காரனை.

வீட்டுக்கு வந்தவன் செருப்பை வெளியே விட்டுவிட்டு, விரல் நுனியில் நடந்து கூண்டுக்கு முன்னால் போய் நின்றான். அட்டைப்பெட்டிக்குள் மரத்தூள் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“மன்னிச்சிக்கப்பா,” என்றான், மூச்சுக் காற்றில். “நீயும் நைட்டுன்னு எனக்குத் தெரியாது.”

பிறகு அடுக்களைக்குப் போய், தான் கண்டுபிடித்ததை வேம்புவுக்கு விளக்கினான். சோகம் ஒரு பக்கம் இருந்தாலும் தானே படித்துக் கண்டுபிடித்தது என்கிற பெருமை அதை முந்திக்கொண்டு வந்தது. இந்தப் பிராணி ராத்திரி எட்டரைக்கு மேல்தான் எழும். அப்போதுதான் பழக்க வேண்டும். இந்த விஷயம் இந்தத் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வேம்பு வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கண்ணை அகலமாகத் திறந்து கேட்டாள். “அப்டியா,” என்றாள். கொஞ்சம் கழித்து, “அடப்பாவமே, அந்நேரம் நீ ஒலைகிட்ட நின்னுகினு இருப்பியே,” என்றாள். திரும்ப வெங்காயத்துக்குப் போனாள்.

கோதண்டம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்தான். டே ஷிப்டுக்குப் போகாமல் தப்பிக்க வேண்டுமானால் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க வேண்டுமானால் ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும். ராத்திரி வீட்டில் இருக்க வேண்டுமானால் டே ஷிப்டுக்குப் போக வேண்டும். இதை அவன் முன்னும் பின்னுமாக நாலு தரம் யோசித்துப் பார்த்தான். எங்கும் ஓட்டை தெரியவில்லை. தற்காலிகம்தானே, பதினாறு நாள்தானே, என்று எழுந்துகொண்டான். அடுக்களையில் வெங்காயம் நறுக்குகிறவள் மூக்கை உறிஞ்சியதை அவன் வெங்காயத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டான்.

*

ஷிப்டுகளைப் பிரித்துப் போடும் அதிகாரி சங்கரநாராயணன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாகக் கோதண்டம் அவர் மேசை முன்னால் வந்து நின்று பகல் வேலை கேட்கிறான். காரணம் கேட்டார். எலி என்று சொல்ல முடியுமா? கோதண்டம் எச்சில் விழுங்கிக்கொண்டு, பொய் கலக்காமல் சொன்னான்.

“வூட்ல ஒருத்தரோட நம்பிக்கைய இழந்துட்டேன் சார். தப்பு என்மேலதான். ராத்திரில கூட இருந்தாத்தான் திரும்ப வரும்.”

சங்கரநாராயணன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். “எல்லா வீட்டுலயும் உள்ளதுதான் வே. பேசித் தீத்துக்கிடும். எத்தன நாள் வேணுமோ எடுத்துக்கிடும்,” என்றார். சாயங்காலத்துக்குள் விஷயம் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. கேன்டீனில் கேட்காமலே அவன் தட்டில் ஒரு வடை கூடுதலாக விழுந்தது. ஒருவர் வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போய்வரச் சொன்னார்.

பகலில் இரும்பு பொய்தான் சொல்லியது. முதல் நாள் உலையில் எட்டிப் பார்த்தால் கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் எல்லாம் ஒரே வெளிறல். கோதண்டம் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு உலைக்கு மேலே பழைய தார்ப்பாய் ஒன்றைக் கட்டச் சொன்னான். பத்து நிமிஷ வேலை. தார்ப்பாய் நிழலில் இரும்பு ராத்திரி மாதிரியே உண்மை பேசியது. பதினெட்டு வருஷக் காரணத்தை ஒரு கிழிந்த தார்ப்பாய் மூடிவிட்டது. நைட்டில் அவன் இடத்தில் தண்டபாணி நிற்கிறான், ஒரு வார்ப்புகூடக் கெடவில்லை என்றும் செய்தி வந்தது. இந்த இரண்டு விஷயத்தையும் கோதண்டம் வீட்டில் சொல்லவில்லை.

ராத்திரி எட்டரைக்கு, குளித்துத் தலை வாரிக்கொண்டு கூண்டின் முன்னால் உட்கார்ந்தான். அட்டைப்பெட்டி அசைந்தது. முதலில் மூக்கு வந்தது. பிறகு மேஸ்திரி முழுசாக வெளியே வந்து, ஒரு நீளக் கொட்டாவி விட்டு, இரண்டு கையாலும் முகம் கழுவிக்கொண்டு, கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சக்கரத்தில் ஏறியது. கோதண்டம் டூட்டிக்குப் போனதும் வரிசையாகச் செய்வது இதைத்தான், சக்கரம் ஒன்றைத் தவிர.

முதல் மூன்று நாள் குரல் பழக வேண்டும், தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. என்ன பேசுவது? தெரிந்ததைப் பேசினான். ஊற்றுவதற்கு ஒரு நிமிஷம் முந்தி இரும்பு பழுத்த பப்பாளியைப் பிளந்தது போல ஒரு நிறத்துக்கு வரும், அதைத் தவறவிட்டால் போச்சு, என்று மேஸ்திரியிடம் சொன்னான். விடியற்காலையில் கடல் காற்று தகரத்தை ஆட்டும்போது யாரோ கூப்பிடுவது போல இருக்கும், முதல் வருஷம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து ஏமாந்தேன், என்று சொன்னான். பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேம்புவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இதையெல்லாம் அவளிடம் அவன் சொன்னதே இல்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. சொல்கிற நேரத்தில் எல்லாம் இருவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் நாளிலிருந்து கை. உள்ளங்கையை விரித்துக் கூண்டுக்குள் வைத்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆயிற்று. மேஸ்திரி அந்தக் கையைத் தாண்டிப் போனது, சுற்றிப் போனது, ஒரு தடவை அதன் மேல் மரத்தூளைத் தள்ளி மூடிவிட்டும் போனது. கை மரத்துவிட்டது. பசி வேறு. வலது கை உள்ளே இருக்கிறது, எடுத்தால் இத்தனை நேரம் வீண்.

வேம்பு தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் ஊட்டினாள். கோதண்டம் தலையைக்கூடத் திருப்பாமல் வாயை மட்டும் திறந்தான். கல்யாணத்தன்று போட்டோக்காரர் கேட்டதற்காக ஊட்டிய ஒரு வாய்க்கு அப்புறம் இதுதான். ஷாலு புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். தயிர் வாங்க வந்த ஹில்டா ஜன்னலில் பார்த்துவிட்டு, தயிர் இல்லாமலே திரும்பிப் போனாள்.

“மெதுவா துன்னு. கைய ஆட்டாத,” என்றாள் வேம்பு.

“நீ ஒரு வாய் துன்னியா?” என்றான் கோதண்டம், உதட்டை அசைக்காமல்.

“துன்றேன் துன்றேன். அத்த பாரு நீ.”

அது ஒரு வாரம் நடந்தது. பதினொன்றாம் நாள் மேஸ்திரி வந்து விரல் நுனியை முகர்ந்தது. பதின்மூன்றாம் நாள் விரலிலிருந்து சூரியகாந்தி விதையை, கடிக்காமல், இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டது. அடுத்த நாள் முன்னங்கால் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, பாரம் தாங்குமா என்று அழுத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

போகி அன்று ராத்திரி ஹில்டாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். எட்டே முக்கால் இருக்கும். மேஸ்திரி வந்தது. நின்றது. கோதண்டத்தின் முகத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு நாலு காலோடும் உள்ளங்கையில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, வாகாக உட்கார்ந்து, அங்கிருந்த வேர்க்கடலையை எடுத்துத் தோலை உரித்துத் துப்பிவிட்டுத் தின்னத் தொடங்கியது.

கோதண்டம் மூச்சு விடவில்லை. ஒரு சோப்புக் கட்டியின் கனம்தான் இருக்கும். டன் கணக்கில் இரும்பை உருக்கிக் கொட்டிய கை அந்தக் கனத்தை அசையாமல் ஏந்தியிருந்தது. யாரும் பிடித்து வைக்கவில்லை. தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த உலகத்தில் எத்தனையோ கைகள் இருக்க, இந்தக் கை பத்திரமானது என்று ஒரு உயிர் தானே முடிவு செய்திருக்கிறது. அவன் கண்ணில் நீர் கோத்தது. பதக்கம் குத்திக்கொண்டவன் போல நெஞ்சு நிமிர்ந்தது. ஹில்டா சத்தம் வராமல் கை தட்டினாள். வேம்பு மேஸ்திரியைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சிட்டயா,” என்றாள்.

“பொங்கல் கயிச்சி திங்கக்கெயம நைட் ஷிப்டு,” என்று அறிவித்தான் கோதண்டம்.

“சரி,” என்றாள் வேம்பு.

அவ்வளவுதான். சண்டை இல்லை. முகம் வாடவில்லை. இப்படிச் சுலபமாகச் சரி என்றது அவனுக்கு உறுத்தியது. நாலு நாள் தெரு முழுக்க மேஸ்திரியைக் காட்டிப் பெருமை பேசினான். கீரைக்காரம்மாவைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினான். ஆனால் ராத்திரி எட்டரை ஆனால் மேஸ்திரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அவனைத் தேடுவதைப் பார்க்கும்போதெல்லாம் திங்கட்கிழமை நெஞ்சில் இடித்தது. திங்கட்கிழமை எட்டரைக்கு அது தேடும். செவ்வாய்க்கிழமையும் தேடும். அப்புறம் தேடுவதை விட்டுவிடும். கேட்டுக் கேட்டு, ஒரு நாள் கேட்பதை விட்டுவிடுகிறவர்களை அவன் வேறெங்கும் பார்த்ததில்லை. வீட்டில்தான் பார்த்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெலிபோன் பூத்துக்குப் போய் சங்கரநாராயணனைக் கூப்பிட்டான். நம்பிக்கை இப்போதுதான் வந்திருக்கிறது, பாதியில் விட்டால் போய்விடும் என்றான். ரொம்பச் சந்தோஷம் வே, நிரந்தரமாகவே பகல் என்று எழுதிவிடட்டுமா என்று அவர் கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றான் கோதண்டம், தானம் கொடுக்கிறவனின் குரலில்.

வீட்டுக்கு வந்து நடுக்கூடத்தில் நின்று சொன்னான். தான் ஜெயித்தவன். தனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இருந்தாலும், யாரும் கேட்காமல், முழுக்க முழுக்கத் தன் சொந்த முடிவாக, மேஸ்திரிக்காக, இனிமேல் டே ஷிப்டு.

“உன் இஷ்டம்,” என்றாள் வேம்பு. முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூண்டைக் கழுவி நாளாகிறது, அது இப்போது அவனைத்தானே நம்புகிறது, இனி அந்த வேலை அவனுடையது என்றும் சொன்னாள்.

நியாயம்தானே? கோதண்டம் பெருமையோடு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டான். பேப்பரை விரித்தான். தூங்குகிற மேஸ்திரியை மரத்தூளோடு சேர்த்து அள்ளி, கலையாமல் பிளாஸ்டிக் வாளியில் படுக்க வைத்தான். பழைய மரத்தூளைக் கொட்டினான். அட்டைப்பெட்டி வீட்டைக் கவிழ்த்துத் தட்டினான். உள்ளே மெத்தையாகச் சுருட்டி வைத்திருந்த ஒரு துணி பொத்தென்று விழுந்தது.

நீலத் துணி. உள்ளங்கை அளவு. ஓரமெல்லாம் கடித்துப் பஞ்சாக்கி இருந்தது. நடுவில் இரும்புப் பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். கோதண்டம் எடுத்து முகர்ந்தான். எரிந்த மணல். பீடி. வேர்வை. அவனேதான்.

“வேம்பு. இது இன்னாமே?”

“உன் டூட்டி சட்ட.”

“எப்போ உள்ள போச்சி?”

“நீ கடி வாங்குன அன்னிக்கே. உன் வாசனை அதுக்கு பழகணும்ல. தோய்க்காத சட்டையா பாத்து கிழிச்சி வச்சேன்.”

கோதண்டம் துணியைப் பார்த்தான். வேம்புவைப் பார்த்தான். “இந்த ரோசனைலாம் உனக்கு யாரு குடுத்தா?”

“அந்த மாத்தூரு பொண்ணு ஒரு காயிதத்துல எல்லாம் எய்தி குடுத்து வுட்டுது. வாசனை புடிச்சா பழகும். பகல்ல தூங்கும், ராத்திரில முழிச்சிகினு இருக்கும். கடலை தோலோட போடணும்.”

“அப்போ மொத நாளே உனக்குத் தெரியும். பதினஞ்சி நாளு பகல்ல எய்ப்பி எய்ப்பி நான் கடி வாங்கிகினு கீறேன், ஒரு வார்த்த சொல்லல நீ.”

“சொன்னா கேட்டிருப்பியா? நீயா புஸ்தகத்துல பாத்தாத்தான உனக்கு எறங்கும்.”

கடைசியாக ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. “சரி. நான் தோத்தா நீ கேட்டது கெடைக்கும். சொம்மா இருந்திருந்தாலே நான் தோத்திருப்பேன். எதுக்கு என் சட்டைய வச்சி என்னியே ஜெயிக்க வச்ச?”

வேம்பு ஒரு கல்லை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

“தோத்திருந்தா மொறைச்சிகினு ஒரு மாசம் பகலுக்குப் போவ. அப்பால எதனா சாக்கு சொல்லிகினு திரும்ப நைட்டுக்கே ஓடிடுவ. ஜெயிச்சவன் எங்கயா போவான்.”

முறத்தை இரண்டு தரம் புடைத்தாள். வாளிக்குள் மேஸ்திரி புரண்டு படுத்தது.

கோதண்டம் நீலத் துணியை உதறி, மடித்து, அட்டைப்பெட்டிக்குள் பழைய இடத்திலேயே வைத்தான். பிறகு குனிந்து, கூண்டின் மூலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைப்பத்தால் கூட்டி எடுக்கத் தொடங்கினான்.